தம்பிக்கு, அம்மா எழுதுவது

மலர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், அவள்மேல் பாயாதே. பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வரவில்லை. வேலை என்றாய். சரி, வேலைதான்.

பட்டாளத்தில் பட்ட அதிர்ச்சி இன்னும் உன்னை விடவில்லை என்று எனக்குத் தெரியும். ராத்திரி நீ கத்தினால் யாரும் தோளைத் தொட்டு எழுப்பக்கூடாது. தூக்கத்தில் இருக்கும் உடம்பு அதைத் தாக்குதலாகவே எடுத்துக்கொள்ளும். கை முந்திவிடும், புத்தி பிறகுதான் வரும். கால்மாட்டில், கை எட்டாத தூரத்தில் நின்று, விளக்கைப் போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். "இது நம் வீடு, நான் மலர், இன்றைக்கு வியாழக்கிழமை" என்று மெதுவாகச் சொல்ல வேண்டும். விழித்ததும் நீ காலைத் தரையில் ஊன்று. கண்ணில் படும் 5 பொருளை வாய்விட்டுச் சொல். 4 எண்ணி மூச்சை இழு, 6 எண்ணி விடு. விடுவது நீளமாக இருந்தால்தான் படபடப்பு இறங்கும். தூக்கம் வராவிட்டால் 20 நிமிஷத்துக்கு மேல் புரளாதே, எழுந்து உட்கார். எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழு.

குடித்தால் சீக்கிரம் கண் அசருகிறது, வாஸ்தவம். ஆனால் முன்னிரவில் அது அமுக்கி வைத்த கனவெல்லாம் போதை இறங்கியதும் பின்னிரவில் சேர்ந்து வரும். மூன்று மணிக்கு அலறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

டாக்டரைப் பார். உன் பதக்கத்தைப் பற்றி அப்பா இன்னமும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதை வாங்கியவன் ஒரு டாக்டரின் அறை வாசலில் போய் உட்காரத் தயங்குகிறாய்.

கூட்டத்துக்குப் போகாதது, சாப்பிடும்போதும் சுவரில் முதுகைச் சாய்த்து வாசலையே பார்ப்பது, இவையெல்லாம் கோழைத்தனம் இல்லை. பட்டாளத்தில் உன்னை உயிரோடு வைத்த பழக்கம். இங்கே அதுவேதான் அந்த அதிர்ச்சி நோயை வளர்க்கிறது. ஓர் இடத்தைத் தவிர்த்ததும் நிம்மதி வருகிறதல்லவா? 'ஆபத்தான இடம்தான், தப்பித்தோம்' என்று மூளை அதிலிருந்து படித்துக்கொள்கிறது. சிகிச்சையில் பயப்படும் இடங்களைப் பட்டியல் போட்டு நூற்றுக்கு எவ்வளவு பயம் என்று எண் கொடுக்கச் சொல்வார்கள். 40, 50 இருக்கும் இடத்தில் தொடங்கி, பயம் ஏறக்குறைய பாதியாகும்வரை, முக்கால் மணி நேரம்கூட, அங்கேயே நிற்க வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடி வந்தால் பழைய பாடம் இன்னும் இறுகிவிடும். காரியம் கெடுவது அங்கேதான். நடந்ததையும் கண்ணை மூடி, இப்போது நடப்பதுபோல் சொல்ல வைத்து, பதிவு செய்து, தினமும் வீட்டில் கேட்கச் சொல்வார்கள். 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். தொடக்கத்தில் சிலருக்குக் கனவு கூடும், அதற்காக நிறுத்திவிடாதே. 'அன்றைக்கு நான் வேறு மாதிரி செய்திருந்தால்' என்பதுதான் உன்னை அரிக்கிறதென்றால், அந்த எண்ணத்தை எழுதி, அது சரிதானா என்று வரிவரியாகக் கேள்வி கேட்கும் முறை இன்னொன்று உண்டு. அது 12 அமர்வு.

செர்ட்ராலின், பராக்ஸிடின் என்று மாத்திரையும் எழுதலாம். வயிற்றுப் புரட்டல் முதல் வாரமே வரும், பலன் தெரிய 4 முதல் 6 வாரம்கூட ஆகும். அதனால்தான் பலர் இடையில் விட்டுவிடுகிறார்கள். நீயாக நிறுத்தாதே. அல்பிரசோலம் மாதிரி பதற்றம் தணிக்கும் மாத்திரையை நீயே வாங்கிப் போடாதே. இந்த நோய்க்கு அது ஆகாது, பழக்கமாகிவிடும், குடியோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். டாக்டரைப் பார்.

இவ்வளவும் எழுதியது ஒன்றைக் கேட்கத் தயங்கித்தான். கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்படுவார்கள். அப்படி ஆவதில்லை. ஆகையால் நேராகவே கேட்கிறேன்: செத்துவிடலாம் என்று உனக்குத் தோன்றுகிறதா?

மேல் அலமாரியில் இருப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த வேகம் பலருக்குக் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரம் அது உன் கைக்கு எட்டக்கூடாது. தோட்டாவைக் கழற்றித் துப்பாக்கியைப் பூட்டு, தோட்டாவை வேறு இடத்தில் பூட்டு, இரண்டு சாவியையும் மாமாவிடம் கொடு. அவன் காரணம் கேட்க மாட்டான். கொடுத்ததும் எனக்கு ஒரு வரி எழுது.

நான் கேட்டதற்குப் பதில் 'ஆமாம்' என்றால் எழுதிக்கொண்டிருக்காதே. மலரை எழுப்பிச் சொல். எந்த நேரமானாலும் எனக்குப் போன் பண்ணு, அப்போதே புறப்பட்டு வருகிறேன்.

அம்மா