பத்து சென்ட் தாய்த்தோட்டம் வேண்டும்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டத் தோட்டக்கலைத் துறை அலுவலர்களுக்கும் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தாருக்கும் வணக்கம். வாழை ரகங்களை நோய் சோதித்துக் காத்து, கன்று எடுத்துக் கொடுக்க ஒரு தாய்த்தோட்டம் கேட்டு எழுதுகிறேன்.

பள்ளிகொண்டா பக்கம், பாலாற்றை ஒட்டி எனக்கு 22 சென்ட் கொல்லி, அதாவது தோட்ட நிலம், இருக்கிறது. அதில் 19 ரக வாழை வைத்திருக்கிறேன். வியாபாரத்துக்கு அல்ல. தார் வெட்டினால் வீட்டுக்கு ஒரு சீப்பு எடுத்துக்கொண்டு மீதியை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவோம். 1979-ல் தந்தி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு என் நாள் முழுவதும் வாழையோடுதான் போகிறது.

எல்லாம் ஒரு பேயனில் ஆரம்பித்தது. என் பாட்டி வீட்டுக் கிணற்றடியில், துணி துவைக்கும் தண்ணீர் ஓடிப் பாய்கிற இடத்தில் பேயன் வாழை நின்றது. வீடு கைமாறி, கிணறும் தூர்ந்துபோனது. பல வருஷம் கழித்து அந்தப் பழத்தின் நினைப்பு வந்து, கன்று தேடி மூன்று வருஷம் அலைந்தேன். பூவன் இருக்கிறது, மொந்தன் இருக்கிறது, ஏலக்கி எங்கும் இருக்கிறது. பேயனை மட்டும் காணோம். கடைசியில் ஒடுகத்தூரில் ஒரு வயதான அம்மாவின் பின்கட்டில் கிடைத்தது. காசு நீட்டினேன். "வாழக்கன்னுக்கு யாருனா காசு வாங்குவாங்களா, எடுத்துக்கினு போப்பா" என்று கடப்பாரையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் கண் வாழைமேல்தான். நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மட்டிக் கன்றோடு திரும்பினேன். திருச்சூரிலிருந்து காட்பாடி வரை ரயில் சீட்டுக்கு அடியில் கோணிப்பைக்குள் நேந்திரன் வந்தது. கொல்லிமலையிலிருந்து மனோரஞ்சிதம் வந்தது. எல்லாம் நம் வெயிலுக்கு ஒத்து வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறுமலை வாழையை மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். மரம் வந்தது, மலையில் இருக்கிற மணம் வரவில்லை. செவ்வாழை ஒன்றரை வருஷம் காக்க வைக்கும், ஆனால் தவறாமல் தார் போடும்.

ரகம் பார்க்கப் பழகியவனுக்குக் கன்றே போதும். இலையைத் திருப்பினால் பூவனுக்கு நடுநரம்பின் அடிப்பக்கம் ரோஜா நிறம் ஓடும். ரஸ்தாளிக்கு இலைக்காம்பின் ஓரம் சிவந்திருக்கும். தண்டு மஞ்சள் கலந்த பச்சையாக, அங்கங்கே பழுப்புத் திட்டோடு இருக்கும். இது தெரியாத காலத்தில் ரஸ்தாளி என்று ஒரு நாற்றுப்பண்ணையில் வாங்கி வந்து, பதினான்கு மாதம் தண்ணீர் கட்டி, பூவன் தார் வெட்டியிருக்கிறேன்.

நான் உங்களுக்கு எழுத வந்த காரணத்துக்கு வருகிறேன்.

நெல்லுக்கு நெல் ஜெயராமன் இருந்தார். 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பி வாங்கி, 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தமிழ்நாடு முழுக்கப் பரப்பினார். விதைநெல்லைக் காயவைத்து வைக்கோலால் கோட்டை கட்டி வைக்கலாம். வாழைக்கு அந்த வசதி இல்லை. நாம் தின்கிற வாழையில் விதை கிடையாது. பழத்தை வெட்டினால் நடுவில் தெரிகிற கறுப்புப் புள்ளிகள் விதையாகாமல் நின்றுபோனவை. கிழங்கிலிருந்து கிளம்பும் கன்றுதான் அடுத்த மரம். பெல்ஜியத்தில் லூவென் பல்கலைக்கழகத்தில் 1,500-க்கும் மேற்பட்ட வாழை ரகங்களைக் கண்ணாடிக் குழாயிலும் திரவ நைட்ரஜனிலும் காத்து வைத்திருக்கிறார்கள். நம் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்திலும் பெரிய ரகத் தொகுப்பு உண்டு. ஆனால் நம் ஊரில் ஒரு ரகம் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், அது யாராவது ஒருவர் கொல்லியில் உயிரோடு நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஒரு கோடை கவனிக்காமல் விட்டால் போதும், போய்விடும்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது என் கொல்லியில் ஆறு நாள் தண்ணீர் நின்றது. வாழை தண்ணீர் கேட்கிற பயிர்தான், ஆனால் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சு முட்டிக் கிழங்கு அழுகிவிடும். அப்போது இருந்த 14 ரகத்தில் ஒன்பது போயின. அதில் ஏழு எனக்குத் திரும்பக் கிடைத்தன. குடியாத்தத்திலும் லத்தேரியிலும் கே.வி.குப்பத்திலும் என்னிடம் கன்று வாங்கிப் போயிருந்தவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். யாருக்கும் கொடுக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த இரண்டு ரகம்தான் என் கையை விட்டே போயின.

அதிலிருந்து கேட்டவருக்கெல்லாம் கன்று கொடுத்தேன், கிடைத்த இடத்தில் எல்லாம் வாங்கினேன். அதுவும் தப்பாகப் போனது.

ஒரு கண்காட்சிக் கடையில் விருப்பாச்சி என்று சொல்லி ஒரு கன்று வாங்கி நட்டேன். இரண்டு மாதத்தில் புது இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் குடுமி கட்டியது போல நெருக்கமாக நின்றன. ஓர் இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். நரம்பு ஓரமாகக் கரும்பச்சையில் புள்ளியும் கோடும், புள்ளியும் கோடும். தந்தி அலுவலகத்தில் சேர்ந்த வருஷம் நான் கற்ற மோர்ஸ் குறி, என் வாழை இலையில். முடிக்கொத்து நோய். பயிர் நோய் படித்தவர்களும் அந்தக் கோடுகளை மோர்ஸ் குறி என்றுதான் சொல்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. வாழை அசுவினி என்கிற சின்னப் பூச்சி பரப்பும் வைரஸ் அது. மருந்து கிடையாது. அசுவினி வேறு மரத்துக்குப் போகாமல் இருக்கக் குருத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி, கிழங்கோடு தோண்டி அழித்தேன். பக்கத்தில் நின்ற நான்கு மரங்களும் அதோடு போயின.

அதற்குள் பக்கத்து மரத்துக் கன்று இரண்டை எதிர்க் கொல்லிக்காரருக்குக் கொடுத்திருந்தேன். அவருக்கு அறுபது பூவன் இருந்தது. அந்தத் தார்கள்தான் அவருடைய வருமானம். நான்கு மாதம் ஞாயிறுதோறும் போய் ஒவ்வொரு மரமாகப் பார்த்தேன். ஐந்து மரத்தைத் தோண்ட வேண்டியதாயிற்று. அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது இன்னும் மனசை அறுக்கிறது.

இப்போது எந்தக் கன்று வந்தாலும் வேரையும் ஒட்டிய மண்ணையும் சீவிவிட்டு, சூடோமோனாஸ் என்கிற நன்மை செய்யும் நுண்ணுயிர்க் கரைசலில் முக்கி, மொட்டை மாடியில் வலைக்குள் மூன்று மாதம் தனியாக வைக்கிறேன். ஆனாலும் கண்ணை நம்ப முடியாது. நோய் தொற்றிய தாய்மரம் சில வாரம் நோயே இல்லாதது போலத் தெரியும். ரஸ்தாளியைச் சாய்க்கிற பனாமா வாடல் நோயும் கிழங்கிலும் மண்ணிலும் ஒட்டிக்கொண்டுதான் ஊர் மாறுகிறது. வந்த மண்ணை விட்டுப் பல்லாண்டு போகாது. திருச்சி மையத்தில் வைரஸ் சோதனை வசதி இருக்கிறது. பருவத்துக்குப் பருவம் 19 இலைகளை எடுத்துக்கொண்டு தனி ஆளாக நான் அங்கே ஓட முடியாது. என்னைப் போல ஆசைக்கு வாழை வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் இதே நிலைதான்.

உங்களால் முடியும். நான் கேட்பது பத்து சென்ட் நிலம். முப்பது ரகம், ரகத்துக்கு மூன்று மரம், ஆறடிக்கு ஆறடி இடைவெளி என்றால் எட்டு சென்டுக்குள் அடங்கும். மிச்சம் வரப்புக்கும் வடிகாலுக்கும். ஏதாவது ஓர் அரசுத் தோட்டக்கலைப் பண்ணையிலோ விரிஞ்சிபுரத்திலோ, ஆற்று வெள்ளம் ஏறாத மேட்டில், மற்ற வாழைகளிலிருந்து தள்ளி அந்த இடம் இருக்கட்டும். வருஷம் ஒருமுறை அத்தனை தாய்மரத்துக்கும் இலை எடுத்துச் சோதித்துவிடுங்கள். சோதித்த மரத்துக் கன்றுகளை ஒரு நாள் குறித்துக் கொடுங்கள்; வாங்கிப் போகிறவர் அடுத்த வருஷம் தன்னிடம் உள்ள வேறொரு ரகத்தைச் சோதனைக்குக் கொண்டு வரட்டும். ஒவ்வொரு மரத்தின் அருகிலும் சரியான பெயரும், எந்த ஊர்க் கொல்லியிலிருந்து வந்தது என்பதும் எழுதிய பலகை வையுங்கள்.

மானியத்தில் ஜி-9 என்கிற வாழை ரகத்தின் திசு வளர்ப்புக் கன்று கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. பதினோரு, பன்னிரண்டு மாதத்தில் ஒரே சீராகத் தார் வெட்ட வேண்டிய விவசாயிக்கு அது வேண்டும். ஆனால் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததென்றால், அந்த ஊர்க்காரர்கள் தலைமுறையாக விதையைக் கைவிடாமல் வைத்திருந்ததால்தானே? கன்னியாகுமரி மட்டிக்கும் அப்படித்தான் கிடைத்தது. நம் பக்கத்துப் பின்கட்டுகளில் என்னென்ன வாழை நிற்கிறது என்று யாரும் கணக்கெடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. வீடுகள் இடிபட்டு மாடி எழும்புகிற வேகத்தில், முதலில் வெட்டுப்படுவது கிணற்றடி வாழைதான்.

என்னிடம் இருக்கிற 19 ரகத்திலும் கன்று தருகிறேன். காசு வேண்டாம். நடுகிற அன்று கூட வந்து குழி வெட்டவும் தயார்.

ஒடுகத்தூர் அம்மா இப்போது இல்லை. அந்தப் பின்கட்டும் இல்லை. அவர் கொடுத்த பேயன் விட்ட நான்கு ஈட்டிக்கன்றுகள், ஈட்டி போல இலை கூர்ந்த கன்றுகள், முழங்கால் உயரம் நிற்கின்றன. இலை எடுக்க ஆள் அனுப்பினீர்கள் என்றால், சோதனை முடிந்ததும் முதல் குழியில் அதில் ஒன்றை வைத்துவிடலாம்.

இப்படிக்கு,
பள்ளிகொண்டா பக்கத்திலிருந்து
ஒரு வாழை வளர்ப்பவன்