சனிக்கிழமைக் கூட்டத்துக்கு முன் ஒரு பக்கம்

கிளை நூலக நண்பர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் சீருடையோடு வந்த ஒரு தூய்மைப் பணியாளர் நாளிதழ் மேசையருகே நின்றார். "என்ன வேண்டும்?" என்றேன். அவருக்குப் பின்னால் தோல்பையோடு வந்தவரிடம் "உட்காருங்கள் சார்" என்றேன். இரண்டும் என் வாய்தான். நாற்காலி காலியாக இருந்தும் முன்னவர் நின்றபடியே இரண்டு பக்கம் படித்துவிட்டுப் போய்விட்டார்.

ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் இரண்டாவது. தேர்வுக்கு மனப்பாடம் செய்தோம். மேசைக்கு வந்ததும் மறந்தோம், நானும்தான்.

சாய்வு நம்மிடம் மட்டும் இல்லை. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் 220 முதல் 289 வரை கிறித்தவத்துக்கே; மற்ற சமயங்கள் 290களில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அந்த எண்களை நாம் மாற்ற முடியாது. சக்கர நாற்காலி நுழையாத அடுக்கு இடைவெளியை மாற்றலாம்.

இந்த மாதம் யாரை உட்காரச் சொல்லவில்லை, யாருக்குப் படிவம் நிரப்பித் தர அலுத்துக்கொண்டோம் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வாருங்கள். வாசகர் பெயர் வேண்டாம். குழுவில் பதிவிடவும் வேண்டாம், மேலிடத்துக்கும் போகாது. என் பக்கத்தை முதலில் நானே வாசிக்கிறேன்.