எங்கள் ஊர் உரிமத்துக்கு எங்கள் ஊரில் ஒரு செய்தி அறை வேண்டும்

அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்தின் தலைவர் பிரெண்டன் கார் அவர்களுக்கும் ஆணைய உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

ஊர் ஊராகத் தொலைக்காட்சி நிலையங்களை வைத்திருக்கும் டெக்னா நிறுவனத்தை 620 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக, அதே தொழிலில் உள்ள நெக்ஸ்டார் நிறுவனம் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. அன்றிலிருந்து, ஒரே நிறுவனத்தின் நிலையங்கள் நாட்டின் தொலைக்காட்சி வீடுகளில் 39 சதவீதத்துக்கு மேல் சென்றடையக் கூடாது என்ற உச்சவரம்பைப் பற்றித்தான் பேச்சு. அதை நீக்க யாருக்கு அதிகாரம் என்பதையெல்லாம் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வழக்கறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். நான் கேட்க வந்தது அதைவிடச் சின்ன விஷயம். எங்கள் ஊரின் பெயரில் உரிமம் வாங்கிய தொலைக்காட்சி நிலையத்துக்கு எங்கள் ஊரில் ஒரு செய்தி அறை இருக்க வேண்டும். அதில் ஆட்களும் இருக்க வேண்டும்.

நான் இருப்பது இண்டியானாவில் ஓர் ஆற்றங்கரை ஊர். இங்கே உள்ளூர்ச் செய்தி தந்துகொண்டிருந்த நிலையம் கைமாறியது. முதலில் காலைச் செய்தி போயிற்று. அப்புறம் பள்ளி வாரியக் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த நிருபர் போனார். கடைசியில் கட்டடமே காலியானது. இப்போது மாலை ஆறு மணிச் செய்தி வேறொரு நகரத்தில் தயாராகி எங்கள் சேனலில் வருகிறது. அடுத்த சேனலுக்குத் திருப்பினால் அதே ஆள், அதே கோட்டு, அதே செய்தி. உங்கள் ஏட்டில் இந்த இரண்டு நிலையங்களுக்கும் வேறு வேறு உரிமையாளர்கள். நடுவில் 'சேவைப் பகிர்வு ஒப்பந்தம்' என்று ஒன்று இருக்கிறது. எதைப் பகிர்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். செய்தியாளர்கள், கேமரா, விளம்பர விற்பனை எல்லாவற்றையும் பகிர்கிறார்களாம். பகிராமல் வைத்திருப்பது பெயர்ப்பலகையை மட்டும்தான் போலிருக்கிறது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தோம். ஆற்றில் வெள்ளம் வந்த இரவுதான் பொறுக்க முடியாமல் போனது.

என் பக்கத்து வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி தனியாக இருக்கிறார். அவர் வீட்டில் இணையம் இல்லை, கேபிள் இல்லை. தொலைக்காட்சிக்கு மேல் இரண்டு கொம்பு ஆண்டெனா மட்டும் இருக்கிறது. அன்றிரவு என்னை அழைத்து, "பாலம் திறந்திருக்கிறதா? மகள் என்னைக் கூட்டிப்போக வருகிறாள், எந்த வழியாக வரச் சொல்வது?" என்று கேட்டார். தொலைக்காட்சியில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். வானிலை அறிவிப்பாளர் அவருடைய நகரத்துக்குச் சாலை சாலையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். எங்களுக்கு, "தெற்குக் கவுண்டிகளிலும் சில சாலைகள் மூடப்பட்டிருக்கலாம்" என்று ஒரே ஒரு வரி. கைப்பேசிக்கு வந்த எச்சரிக்கையும் கவுண்டி, அதாவது மாவட்டம், முழுவதற்கும் பொதுவானது. பாலம் மூடப்பட்ட விவரம் எனக்குத் தெரிந்தது ஒரு பேஸ்புக் குழுவில், அதுவும் யாரோ எடுத்த மங்கலான படத்தின் கீழே. மகளை வேறு வழியாக வரச் சொல்லிவிட்டோம். நல்லபடியாக வந்து சேர்ந்தார். ஆனால் அந்த மூதாட்டி என்னை அழைக்காமல் இருந்திருந்தால்?

உரிமம் பெற்ற ஊரிலோ அதன் அருகிலோ நிலையத்துக்கு ஒரு ஸ்டூடியோ இருக்க வேண்டும் என்று 1939 முதல் இருந்த 'மெயின் ஸ்டூடியோ' விதியை 2017 அக்டோபரில் உங்கள் ஆணையம் நீக்கியது. மக்கள் இப்போது மின்னஞ்சலிலும் தொலைபேசியிலும் தொடர்புகொள்கிறார்கள், கட்டடம் எதற்கு என்றீர்கள். ஈடாக ஒரு கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருந்தால் போதும் என்றும் எழுதினீர்கள். அன்றிரவு அந்த எண்ணையும் அழைத்துப் பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை. அலுவலக நேரத்தில் எடுத்தால் விதிக்குப் போதுமாம். எங்கள் ஆற்றுக்கு அந்த விதி தெரியாது.

இது புதிதும் இல்லை. 2002 ஜனவரியில் வட டகோட்டாவின் மைனாட்டில் ரயில் தடம் புரண்டு அம்மோனியா ஊருக்குள் பரவியது நினைவிருக்கும். ஒருவர் இறந்தார். அங்கே ஆறு வானொலி நிலையங்கள் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. வானொலியில் ஆளைப் பிடிக்க முடியவில்லை என்றது காவல்துறை. எச்சரிக்கைக் கருவியைக் காவல்துறைதான் சரியாக இயக்கவில்லை என்றது நிறுவனம். யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அதற்கு 15 ஆண்டுகள் கழித்து ஸ்டூடியோவே வேண்டாம் என்று முடிவெடுத்தீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

விளம்பரப் பணமெல்லாம் கூகுளுக்கும் பேஸ்புக்குக்கும் போகிறது, பெரிதாக வளர்ந்தால்தான் பிழைக்க முடியும் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. முதல் பாதி உண்மைதான். ஆனால் கேபிள் வைத்திருப்பவர்களின் மாதக் கட்டணத்தில் 'ஒளிபரப்பு டிவி கட்டணம்' என்று ஒரு வரி இருக்கிறதே, நிலையங்கள் கேபிள் நிறுவனங்களிடம் வாங்கும் பணம், அது ஏறிக்கொண்டேதான் போகிறது. அந்தப் பணத்தில் ஒரு நிருபரின் சம்பளம்கூட எங்கள் ஊருக்குத் திரும்பி வரவில்லை.

உங்கள் கணக்கு முறையையும் சொல்லியாக வேண்டும். யுஎச்எஃப் என்ற உயர் அலைவரிசையில் வரும் நிலையமென்றால் அது சென்றடையும் வீடுகளில் பாதியைத்தான் உச்சவரம்புக் கணக்கில் சேர்க்கிறீர்கள். அனலாக் காலத்தில் அந்த அலைவரிசை பலவீனமாக இருந்தது, சரி. 2009இல் எல்லாம் டிஜிட்டலுக்கு மாறிய பிறகுமா? 2016இல் இந்தச் சலுகையை நீக்கிவிட்டு, 2017இல் நீங்களே திரும்பக் கொண்டுவந்தீர்கள். விளம்பரம் விற்கும்போது எங்கள் வீடு முழு வீடு, உங்கள் கணக்கில் அரை வீடு.

போகட்டும். 2018இல், நெக்ஸ்டாரைப் போன்ற இன்னொரு பெரிய நிறுவனமான சின்க்ளேரின் நிலையங்களில் செய்தி வாசிப்பாளர்கள் ஊர் ஊராக ஒரே வாசகத்தைப் படித்த காணொளியை நாடே பார்த்தது. 2025 செப்டம்பரில், தான் நிறுத்திவைத்த இரவு நகைச்சுவை நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜிம்மி கிம்மலை ஏபிசி தொலைக்காட்சி திரும்பக் கொண்டுவந்த பிறகும் நெக்ஸ்டார், சின்க்ளேர் கையிலிருந்த ஏபிசி நிலையங்களில் சில நாட்கள் அவர் வரவில்லை. அவருடைய நகைச்சுவை எனக்குப் பிடிக்குமா என்பது வேறு கதை. அத்தனை ஊர்களின் திரையில் என்ன வரலாம் என்பது இரண்டு தலைமையகங்களில் முடிவாகிறது. உள்ளூர் நிலையங்களுக்குப் பலம் வேண்டும் என்று தலைவர் அவர்கள் அடிக்கடி சொல்கிறார். மகிழ்ச்சி. அந்த 'உள்ளூர்' எந்த ஊர் என்று மட்டும் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். உங்களால் முடியாததை நான் கேட்கவில்லை. 2018இல் டிரிப்யூன் என்ற ஒளிபரப்பு நிறுவனத்தை விழுங்க வந்த சின்க்ளேரை நிறுத்தியது இதே ஆணையம்தான். டிரிப்யூனின் சிகாகோ நிலையமான டபிள்யூஜிஎன்னைச் சின்க்ளேர் தன் தலைவருக்கு வேண்டிய ஒரு கார் வியாபாரிக்கு 6 கோடி டாலருக்குத் தள்ளிவிடப் பார்த்ததை நீங்கள்தான் கேள்வி கேட்டீர்கள். அடுத்த மாதமே அந்தப் பேரம் முறிந்தது. அப்போது வந்த துணிச்சல் இப்போதும் வரலாம்.

இந்தக் கோரிக்கையை ஆங்கிலத்தில் உங்கள் பொதுக்கருத்துப் பக்கத்திலும் பதிந்திருக்கிறேன். 2017இல் இணையச் சமநிலை (எல்லா இணையத்தளங்களையும் இணைய நிறுவனங்கள் சமமாக நடத்த வேண்டும் என்ற விதி) பற்றி உங்களுக்கு வந்த 2.2 கோடிக் கருத்துகளில் ஏறக்குறைய 1.8 கோடி போலி என்று நியூயார்க் அட்டர்னி ஜெனரல் பிறகு கண்டுபிடித்தார். என்னுடையது அசல்தான், படிக்கலாம்.

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இனி உங்கள் மேசைக்கு வரும் ஒவ்வொரு உரிமக் கைமாற்றத்திலும் ஒரு நிபந்தனை சேருங்கள்: எந்த ஊருக்கு உரிமமோ, அந்த ஊரில் செய்தி அறை, அதில் நிருபர்கள், ஆபத்து நேரத்தில் நள்ளிரவிலும் தொலைபேசியை எடுக்க ஒரு ஆள். ஏற்கெனவே கைமாறிய நிலையங்களுக்கு எட்டு ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் புதுப்பிக்கும்போது இதையே கேளுங்கள். 39 சதவீதத்தை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை அதற்கு அப்புறம் பேசலாம்.

நன்றியுடன்,
இண்டியானாவிலிருந்து ஓர் ஆண்டெனா வீட்டின் பக்கத்து வீட்டுக்காரன்