செயலாளர் ஆண்டறிக்கை: பேண்டம் பேசிய ஆண்டு

நம் பழைய மோட்டார்சைக்கிள் சங்கத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்துக்குப் பிறகு நடந்தவற்றை இதில் எழுதியிருக்கிறேன். செயற்குழு தவறாமல் கூடியது, கூட்டக் குறிப்புகள் கோப்பில் இருக்கின்றன, சங்கங்களின் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டியவை நேரத்தோடு போய்விட்டன. கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருக்கும் தம்பிமார், இரண்டு தங்கைகளும் உண்டு, முக்கால்வாசிப் பேர் யமஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டார்சைக்கிள் வைத்திருக்கிறார்கள். எல்லாரையும் மனதார வரவேற்கிறேன். சரி, இந்த ஆண்டு நம் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் எடுத்துக்கொண்ட வண்டிக்கு வருகிறேன்.

இங்கே சிங்கப்பூரில், செம்பவாங்கில் இருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் வீட்டு பிஎஸ்ஏ பேண்டம் மோட்டார்சைக்கிள் அது. அவருடைய அப்பா கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த காலத்தில் ஓட்டிய வண்டி. 1968ல் தளத்தின் கப்பல் பட்டறை செம்பவாங் ஷிப்யார்டாக மாறியபோதும் அவர் அங்கேதான் இருந்தார், ஆனால் வண்டி அதன் பிறகு சில ஆண்டுகளிலேயே நின்றுவிட்டது. கம்பத்து (கிராமத்து) வீட்டை விட்டுத் தரைவீட்டுக்கு வந்தபோதும் அதைப் பழைய இரும்புக்குப் போட மனசு வரவில்லை, பின்கட்டில் தார்ப்பாயைப் போட்டு மூடி வைத்தார். அவர் காலமான பிறகு மகன் நம்மிடம் கேட்டது ஒன்றுதான்: அம்மா ஒருமுறை இதன் சத்தத்தைக் கேட்க வேண்டும்.

பேண்டத்தைப் பற்றித் தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மானிய டிகேடபிள்யூ ஆர்டி125 வண்டியின் வரைபடங்கள் போர் இழப்பீடாக பிரிட்டனுக்கு வந்தன, அதை வைத்து பிஎஸ்ஏ 1948ல் கொண்டுவந்தது இந்த 123 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டி. கியர் மூன்றுதான், மின்சாரம் 6 வோல்ட். பிரிட்டனில் தந்தி கொண்டுபோன பையன்கள் ஓட்டியது இதைத்தான். லட்சக்கணக்கில் செய்த வண்டி என்பதால் உதிரிபாகம் இன்றைக்கும் கிடைக்கிறது, அது நமக்குப் பெரிய நிம்மதி.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்த அன்றைக்கே ஒருவர் கிக்கரில் காலை வைக்கப் போனார். லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் பல காலம் பட்டறை நடத்திய நம் மூத்த அண்ணன் கையை நீட்டித் தடுத்துவிட்டார். “நின்ன வண்டிய மொதல்ல உதைக்காதீங்க தம்பி. உள்ள என்ன இருக்குன்னு தெரியாம உதைச்சா, இருக்கறதும் போயிடும்.” இந்த ஆண்டு நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் ஊர் இது. நின்ற என்ஜினுக்குள் இரும்பு சிலிண்டரும் பிஸ்டன் வளையமும் துருவில் ஒட்டிக்கொள்ளும். டூ-ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் போர்ட் வாய்கள் திறந்திருக்கும், ஒட்டிய பிஸ்டனைப் பலவந்தமாக அசைத்தால் வளையம் அந்த வாயின் விளிம்பில் மாட்டி முறிந்துவிடும், கிக்கர் பல்லும் போகும். அதனால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிக்கு ஊற்றும் எண்ணெயும் அசிட்டோனும் கலந்து உள்ளே ஊற்றி, அப்படியே விட்டுவிட்டோம். அவ்வப்போது டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பார்ப்பதோடு சரி. ஒரு ஞாயிறு மதியம் சக்கரம் ஒரு விரலளவு கூடுதலாகப் போனது, பட்டறையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

பிஸ்டன் விட்டுக்கொடுத்ததும் பெட்ரோல் ஊற்றிப் பார்க்கலாம் என்று ஆசை எல்லாருக்கும் இருந்தது. அண்ணன் விடவில்லை, சரியான காரணமும் சொன்னார். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) இருக்கும் அறைதான் பெட்ரோல்-காற்றுக் கலவையை இழுத்து மேலே தள்ளும் பம்பு. கிராங்க்கின் இரண்டு பக்கமும் காற்றும் எண்ணெயும் கசியாமல் அடைக்கும் வளையமான ஆயில் சீல், வண்டி பல ஆண்டு நின்றால் காய்ந்து கல்லாகிவிடும், அந்த இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே வரும், கலவையில் பெட்ரோல் குறையும். இதில் எண்ணெயும் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது என்பதால் அதுவும் சேர்ந்து குறையும். வண்டி ஸ்டார்ட் ஆகும், நன்றாகக்கூட ஓடும், அப்புறம் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆகவே என்ஜினை முழுக்கப் பிரித்தோம். சீல் நகத்தால் தொட்டதும் பொடிந்தது. ஒரு பக்கப் பேரிங்கில் துரு இருந்தது. கிளட்ச் பிளேட்டில் பதித்திருக்கும் தக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்ததால் மெல்லிய கத்தி விட்டுப் பிரிக்க வேண்டியிருந்தது. சைலன்சருக்குள் குளவி கட்டிய மண்கூடு கெட்டியாக இருந்தது, அதை நம் தங்கை ஒருவர் பொறுமையாக, துண்டு துண்டாக எடுத்தார்.

புதிய சீல் அனுப்பிய வெளிநாட்டுக் கடை முதலில் தவறான அளவை அனுப்பியதால் வேலை நின்றது. முன்பெல்லாம் இப்படி ஆனால் பழைய பொருள் விற்கும் சுங்கை ரோடு சந்தைக்குப் போய் ஏதாவது தேடிப்பார்ப்போம், 2017 ஜூலையில் அதுவும் மூடப்பட்டுவிட்டது, எனக்கு இன்னும் அந்த வருத்தம் தீரவில்லை. அந்த இடைவெளியில் சிலிண்டரைக் கடைசல் பட்டறையில் கொடுத்து உட்சுவரைக் கடைந்து அகலமாக்கிப் பெரிய அளவு பிஸ்டன் போட்டோம், பெட்ரோல் டேங்க்கைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, சமையல் சோடா தண்ணீரால் அலசிக் காயவைத்தோம். பிளக்கில் பொறி வரவைக்கும் மின் தொடுமுனையான பாயிண்ட்டின் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைத்து, அதோடு வேலை செய்யும் கண்டென்சரை மாற்றினோம். பழைய கண்டென்சர் பார்க்க நல்லதாகத்தான் இருக்கும், சூடானதும் பொறியை விழுங்கிவிடும்.

பெட்ரோல் 20 பங்குக்கு எண்ணெய் 1 பங்கு கலந்து, எல்லாம் முடிந்த பிறகுதான் கிக்கரில் காலை வைத்தோம். முதல் உதையை உதைத்தது மகன். புகை பட்டறையை நிறைத்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா, “இன்னும் கொஞ்சம் முறுக்குப்பா, அப்பா இவ்வளவு மெதுவா வரமாட்டாரு” என்றார்.

பெயிண்ட் விஷயத்தில் செயற்குழுவில் இரண்டு கருத்து இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. முழுக்கச் சுரண்டி, தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோல் வெளிர்பச்சை அடிக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். டேங்க்கின் இரண்டு பக்கமும் முழங்கால் உரசி உரசிப் பச்சையும் பழுப்பு வெள்ளையும் தேய்ந்து இரும்பு தெரிகிறது. அது ஒரு மனிதர் தினமும் வேலைக்குப் போய் வந்த தடம், அதைச் சுரண்டினால் மறுபடி யாராலும் போட முடியாது, பெயிண்ட்டை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம் என்பது என் வாதம். கடைசியில் குடும்பத்தைக் கேட்டு முடிவெடுத்தோம்: கழுவி, துருவை நிறுத்தி, மெழுகு போட்டு அப்படியே விட்டாயிற்று. சாலைப் பதிவு எப்போதோ போய்விட்டதால் இது காட்சி வண்டிதான், சாலைக்கு வராது.

இப்போது இளையவர்கள் கவனமாகப் படிக்க வேண்டியது. 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு சிங்கப்பூர்ச் சாலையில் ஓட முடியாது, பழம்பெரும் வாகனங்களுக்கான தனித் திட்டங்களில் இருப்பவைக்குத்தான் விலக்கு. கிளாசிக் திட்டத்தில் சேர வண்டிக்குக் குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும், சேர்ந்தாலும் ஆண்டில் 45 நாள்தான் ஓட்டலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1990ல் வந்த ஆர்எக்ஸ்இசட்டுக்கு 35 ஆகிவிட்டது. 1996ல் வந்ததற்கு அந்த நாளில் 32தான் ஆகியிருக்கும். நம் தம்பிமார் வண்டிகளில் பல இந்த இடைவெளியில் விழுகின்றன. கடைசி மாதத்தில் ஓடாமல், உங்கள் வண்டியின் முதல் பதிவுத் தேதியை இப்போதே எடுத்துப் பார்த்து நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேளுங்கள், விண்ணப்பத்தில் உதவ நான் இருக்கிறேன். வண்டியை நிறுத்திவைக்கப் போகிறவர்கள் பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரைக் காலி செய்து, பிளக் துளையில் கொஞ்சம் எண்ணெய் விட்டு நிறுத்துங்கள். ஆர்எக்ஸ்இசட்டும் டூ-ஸ்ட்ரோக்தான், பேண்டத்தின் சீலுக்கு நடந்தது அதற்கும் நடக்கும்.

அண்ணன் என்ஜின் பிரிக்கும்போது சொன்னதை எல்லாம் தங்கை கைப்பேசியில் பதிவு செய்திருக்கிறார். அதைத் தமிழில் எழுதி, படங்களோடு சங்க நூலக அலமாரியில் வைப்பது வரும் ஆண்டின் முதல் வேலை. மூத்தவர்கள் கையில் இருக்கும் வேலை அவர்களோடு போய்விடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஆயில் சீல் மாற்றும் வகுப்பும் நடத்த அண்ணன் ஒத்துக்கொண்டார், பெயர் கொடுங்கள்.

பட்டறையில் இடம் கொடுத்தவருக்கும், வாராவாரம் நாசி லெமாக் வாங்கிவந்தவருக்கும், வண்டியை நம்பி ஒப்படைத்த குடும்பத்துக்கும் நன்றி. பேண்டத்துக்கு இன்னும் முன்விளக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை, ஸ்பீடோமீட்டர் கேபிளும் வேண்டும். யார் வீட்டுப் பெட்டியிலாவது கிடந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.

செயலாளர்