ஃபார்மட் போடுமுன் புது ராமைக் கழற்றிப் பாருங்கள்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்தும் அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம்.

எங்கள் தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர், ஆல்பம் டிசைன் செய்ய மெதுவாக இருக்கிறதென்று இருந்த 8 ஜிபியோடு இன்னொரு 8 ஜிபி ராம் ஸ்டிக் (கம்ப்யூட்டரின் தற்காலிக மெமரி) போட்டார். மறுநாளே ப்ளூ ஸ்கிரீன், அதாவது நீலத் திரையில் பிழை காட்டி மெஷின் நின்றது. கடையில் கொடுத்தார். "விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு சார்" என்று ஃபார்மட் போட்டுத் தந்தார்கள். டெஸ்க்டாப்பில் இருந்த கல்யாண ஆல்பம் போனது. ப்ளூ ஸ்கிரீன் போகவில்லை. புது ஸ்டிக்கைக் கழற்றியதும் அந்தப் பிழை நின்றுவிட்டது.

நேற்றுவரை நன்றாக ஓடிய மெஷினில் மாறியது ஒன்றுதான். அப்படியிருக்க, முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த ஒன்றைத்தானே? ப்ளூ ஸ்கிரீனில் வரும் பிழைப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒருமுறை "மெமரி மேனேஜ்மென்ட்", அடுத்த முறை "பேஜ் ஃபால்ட்", அதற்கடுத்து "ஐஆர்க்யூஎல்" என்று தடவைக்கொன்றாக மாறி மாறி வந்தால், ஒரு டிரைவரை (ஒரு பாகத்தை இயக்கும் சாஃப்ட்வேரை) பிடித்துத் தொங்குவதில் பயனில்லை. ராம் பக்கம் திரும்ப வேண்டும். ராம் சரியில்லாத மெஷினில் விண்டோஸ் ஏற்றினால், ஏறும் ஃபைலே கெட்டுப்போய்த்தான் ஹார்ட் டிஸ்கில் உட்காரலாம். ஃபார்மட் அங்கே மருந்தே இல்லை.

இதில் பெரியவர்களும் ஏமாறுகிறார்கள். விண்டோஸ் போன்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் மெஷினிலேயே 2022 அக்டோபரில் கம்பைல் செய்யும்போது (எழுதிய புரோகிராமை ஓடும் வடிவுக்கு மாற்றும்போது) காரணமே தெரியாமல் பிழை வந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் புதிதாக ஏதோ பக் என்றுதான் அவரும் முதலில் நினைத்தார். கடைசியில் பார்த்தால், இரண்டரை வருஷம் ஒழுங்காக ஓடிய ஒரு ராம் ஸ்டிக் கெட்டுப்போயிருந்தது.

உங்களிடம் கேட்பது பெரிய வேலை இல்லை. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, லேப்டாப் என்றால் பேட்டரி கனெக்டரையும் எடுத்துவிட்டு, ஸ்டிக்கை வெளியே எடுங்கள். தங்க நிறப் பின்களில் அழுக்கு படிந்திருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். இரண்டு முனையும் சமமாக இறங்கி, லாக் 'டக்'கென்று விழ வேண்டும். ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் மெஷின் சில நேரம் ஆன் ஆகும், ஆனால் நிலைக்காது. பிறகு பயாஸில் (மெஷின் ஆன் ஆகும்போது வரும் செட்டிங்ஸ் பக்கத்தில்) ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். டிடிஆர்4 வகை ராமின் முறையான வோல்டேஜ் 1.2, எக்ஸ்எம்பி போட்டால் பெரும்பாலும் 1.35. பழைய ஸ்டிக்கையும் புது ஸ்டிக்கையும் சேர்த்து அந்த வேகத்தில் ஓட்டினால் நிலையாக ஓடும் என்பதற்கு எந்தக் கம்பெனியும் உத்தரவாதம் தருவதில்லை.

அடுத்த தலைமுறை ராமான டிடிஆர்5 இன்னும் நுணுக்கமானது. ரைசன் 7000 பிராசஸர் வரிசையில் இரண்டு ஸ்டிக்குக்கு வேகம் 5200 என்று சொல்லும் அதன் கம்பெனி ஏஎம்டியே, நான்கு ஸ்லாட்டும் நிரம்பினால் 3600 என்றுதான் சொல்கிறது. ராம் மாற்றியபின் முதல்முறை ஆன் செய்யும்போது சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். போர்டு மெமரியைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. அவசரப்பட்டு ஆஃப் செய்யாதீர்கள்.

இதெல்லாம் முடிந்ததும் பென்டிரைவிலிருந்து ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 புரோகிராமைப் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். முதலில் ஒவ்வொரு ஸ்டிக்காக, பிறகு சேர்த்து. தனியாகப் பாஸ் ஆகிற இரண்டு சேர்ந்து ஃபெயில் ஆவதுண்டு. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ஜோடி ஆகாது. கடையில் கூட்டமாக இருக்கும், கஸ்டமர் அவசரப்படுத்துவார், எனக்கும் தெரியும். "நாளைக்கு வாங்க" என்று தைரியமாகச் சொல்லுங்கள். ஆல்பம் போனவரைப் பார்த்த எங்களுக்கு ஒரு நாள் காத்திருப்பதில் கஷ்டமே இல்லை.

ஃபார்மட் போட்டே ஆகவேண்டும் என்றால், டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டி முதலில் பேக்கப் எடுங்கள். ராம் விற்ற பில்லிலேயே "டெஸ்ட் செய்தது" என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். வாரண்டி கேட்டு வரும்போது உங்களுக்கும் அது உதவும்.

அன்புடன்,
உங்கள் கஸ்டமர்களில் ஒருவன்