மாப்பிள்ளை உறவினர், மச்சான் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கம்பெனிகளின் சுயாதீன இயக்குநர்களுக்கு, அதாவது முதலாளிக்கு வேண்டியவர்களாக இல்லாமல் வெளியிலிருந்து போர்டுக்கு (இயக்குநர் குழுவுக்கு) வரும் இண்டிபென்டன்ட் டைரக்டர்களுக்கு, நடத்தப்படும் தகுதித் தேர்வைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தலை நரைத்தவர்களைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துக் கேள்வி கேட்பதால் என்ன ஆகப்போகிறது என்பதுதான் கட்டுரையின் சாரம். எழுதியவர் அந்தத் தேர்வை எழுதிப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நான் 63 வயதில் எழுதினேன். ஒரு தடவை கோட்டைவிட்டு, மறு தடவை தேறினேன். அந்த ஏற்பாட்டில் ஓட்டை இருப்பது உண்மை. ஆனால் கட்டுரையாளர் கை வைத்த இடம் வேறு, ஓட்டை இருக்கும் இடம் வேறு.

பொதுத்துறை வங்கி ஒன்றில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். பழக்கமான மில் முதலாளி ஒருவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். பங்குச் சந்தையில் பட்டியலான நடுத்தரக் கம்பெனி அவருடையது. அப்படிப்பட்ட கம்பெனிகளின் போர்டில் மூன்றில் ஒரு பங்காவது சுயாதீன இயக்குநர்கள் இருக்க வேண்டும் என்பது 2013ஆம் வருஷக் கம்பெனிச் சட்டம். அவருக்கு ஒரு நாற்காலி காலி. "மூணு மாசத்துக்கு ஒரு தடவ வந்து உக்காந்துட்டுப் போங்க சார். மத்ததெல்லாம் நம்ம செக்ரட்டரி பாத்துக்குவாரு" என்றார். நானும் பென்ஷன் வாங்கிக்கொண்டு பேப்பர் படிக்கிற ஆள்தானே, சரி என்றேன்.

2019 டிசம்பரிலிருந்து, இப்படி வருகிறவர்கள் மானேசரில் உள்ள இந்திய கார்ப்பரேட் விவகார நிறுவனத்தின் தகவல் தொகுப்பில் பெயரைப் பதிய வேண்டும். கட்டணம் ஒரு வருஷத்துக்கு 5,000 ரூபாய், ஐந்து வருஷத்துக்கு 15,000, ஆயுளுக்கும் என்றால் 25,000. ஜி.எஸ்.டி. தனி. பதிந்த இரண்டு வருஷத்துக்குள் தேர்வில் தேற வேண்டும், இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். தேர்ச்சிக்கு முதலில் 60 சதவீதம் கேட்டார்கள், 2020 டிசம்பரில் 50 ஆகக் குறைத்தார்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தைச் சட்டம், அடிப்படைக் கணக்கியல் என்று பாடங்கள்.

தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம், கேமரா நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். அறைக்குள் யாரும் வரக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தும், குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் அணைக்கவா என்று கேட்டுக்கொண்டு மனைவி கதவைத் திறந்துவிட்டார். அதனால் தோற்றேன் என்று சொல்லமாட்டேன். 34 வருஷம் கடன் கொடுத்தவனுக்குக் கம்பெனி பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் படிக்காமலே உட்கார்ந்துவிட்டேன். 46 மார்க்.

அந்த முதல் தடவை நான் தப்பாகப் போட்ட ஒரு கேள்வி, உறவினர் என்றால் யார் என்பது. மச்சானையும் சேர்த்து டிக் அடித்தேன். நம் ஊரில் மச்சான் இல்லாமல் ஒரு கல்யாணம் நடந்துவிடுமா? அப்புறம் புத்தகத்தைத் திறந்து பார்த்தால், கணவன் அல்லது மனைவி, அப்பா, அம்மா, மகன், மருமகள், மகள், மருமகன், கூடப் பிறந்தவர்கள். கூட்டுக் குடும்பச் சொத்தில் சேர்ந்திருப்பவர்களை விட்டால் பட்டியல் இவ்வளவுதான். மச்சானும் இல்லை, மடியில் வைத்துக் காது குத்தும் தாய்மாமனும் இல்லை. இதை என் மச்சினரிடம் சொன்னபோது அவர் ரசிக்கவில்லை. அதன்பிறகு ஒரு மாதம் ஒழுங்காகப் படித்து 68 எடுத்தேன்.

அந்தப் பட்டியல்தான் முதல் போர்டு மீட்டிங்கிலேயே கைகொடுத்தது. அஜெண்டா குறிப்புகள் முதல் நாள் இரவு 11 மணிக்கு மெயிலில் வந்தன, 212 பக்கம். ஏழு நாள் முன்னால் வந்திருக்க வேண்டியவை. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு படித்தேன். 14ஆவது பொருள் மூன்றே வரி. ஒரு பார்ட்னர்ஷிப் நிறுவனத்திடமிருந்து எடுத்திருக்கும் குடோனின் குத்தகையைப் புதுப்பிக்க வேண்டும். பார்ட்னர்கள் யார் என்று போடவில்லை. மறுநாள் அந்தப் பொருள் வந்தபோது கேட்டேன். செக்ரட்டரி பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். முதலாளிதான் சிரித்துக்கொண்டே, "நம்ம மாப்பிள்ளைதான் சார்" என்றார்.

மகளின் கணவர் பார்ட்னராக இருக்கும் நிறுவனம் என்றால் அது சட்டப்படி தொடர்புடைய தரப்பு, அதாவது முதலாளிக்கு வேண்டியவர்களின் நிறுவனம். முதலில் கணக்கு வழக்கைக் கவனிக்கும் ஆடிட் கமிட்டிக்குப் போக வேண்டும், போர்டில் பேசும்போது முதலாளி வெளியே இருக்க வேண்டும். இதைச் சொன்னேன். "மாப்பிள்ளை என்னைக்குமே வெளியாளுதான சார்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். சிரிப்போடு சிரிப்பாக அந்தப் பொருள் நிறைவேறிவிட்டது. நான் செக்ரட்டரியிடம் என் ஆட்சேபத்தை மினிட்ஸில், அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பில், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு விஷயத்தில் கவலை தெரிவித்துத் தீர்வு கிடைக்காவிட்டால் அதை மினிட்ஸில் பதியச் சொல்லி வற்புறுத்த வேண்டும் என்று சட்டத்தின் நான்காம் அட்டவணையிலேயே இருக்கிறது. தேர்வுக்குப் படிக்காமல் இருந்திருந்தால் அது எனக்குத் தெரிந்திருக்காது, மற்றவர்களோடு சிரித்துவிட்டு டிபனுக்குப் போயிருப்பேன்.

12ஆம் நாள் மினிட்ஸ் டிராஃப்ட் வந்தது. 'விவாதித்து ஒருமனதாக' என்று இருந்தது. திருத்தம் சொல்ல ஏழு நாள் அவகாசம் உண்டு. இரண்டு வரி எழுதி அனுப்பினேன். அடுத்த மீட்டிங்கில் குடோன் விஷயம் ஆடிட் கமிட்டி வழியாகத் திரும்பி வந்தது, அக்கம்பக்கத்து இரண்டு குடோன்களின் வாடகை விவரத்தோடு. வாடகையில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முதலாளி இரண்டு மாதம் போனில் பேசவில்லை. இப்போது பேசுகிறார்.

நான் சொல்ல வந்தது இதன் பிறகு நடந்ததை. அதே போர்டில் ஒன்பதாவது வருஷமாக இருக்கும் இன்னொரு சுயாதீன இயக்குநர், நூற்பு இயந்திரத்தைச் சத்தத்தை வைத்தே எடைபோடுகிற கெட்டிக்காரர், லிஃப்டில் மெதுவாகக் கேட்டார்: "மினிட்ஸ் டிராஃப்டத் திருத்தச் சொல்லலாமா சார்? எனக்கு வர்றத நான் அப்படியே ஃபைல்ல போட்டுருவேன்." அவர் தேர்வு எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. பட்டியலான கம்பெனியில் மூன்று வருஷம் டைரக்டராக இருந்துவிட்டாலே விலக்கு கிடைத்துவிடும். முதலில் பத்து வருஷம் என்று இருந்ததை 2020இல் மூன்றாகக் குறைத்தார்கள். மறு வருஷம் பத்து வருஷம் தொழில் நடத்திய வக்கீல்கள், ஆடிட்டர்கள், கம்பெனி செக்ரட்டரிகள், காஸ்ட் அக்கவுண்டன்ட்டுகளுக்கும் விலக்கு கொடுத்தார்கள். இவர்கள் விஷயத்தில் எனக்குச் சண்டை இல்லை, சட்டமும் கணக்கும்தான் இவர்கள் பிழைப்பு. ஆனால் மூன்று வருஷம் போர்டில் உட்கார்ந்ததே தகுதி என்பது, மூன்று வருஷம் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவர் இனிமேல் எட்டுப் போட வேண்டாம் என்பது மாதிரி இருக்கிறது.

கட்டுரையாளர் சத்யம் என்ற சாஃப்ட்வேர் கம்பெனியை உதாரணம் காட்டியிருந்தார். 2008 டிசம்பர் 16 அன்று, சத்யம் முதலாளி ராமலிங்க ராஜுவின் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு மேடாஸ் கம்பெனிகளைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க அந்த போர்டு ஒருமனதாகச் சம்மதித்தது. (சத்யத்தின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் மேடாஸ். பெயரிலேயே சொல்லியிருந்தார்கள்.) முதலீட்டாளர்கள் கொதித்ததும் சில மணி நேரத்தில் பின்வாங்கினார்கள். மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,000 கோடி ரூபாய்க்கும் மேல் இல்லவே இல்லை என்று ராமலிங்க ராஜு கடிதம் எழுதினார். அந்த போர்டில் ஹார்வர்டு பேராசிரியரும் முன்னாள் கேபினட் செயலாளரும் இருந்தார்கள். அத்தனை படித்தவர்களால் ஆகாததை 50 கேள்வி சாதிக்குமா என்பது கட்டுரையாளரின் வாதம்.

தேர்வு எழுதி யாருக்கும் தைரியம் வராது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே உதாரணத்தை இன்றைய விதிப்படி பாருங்கள். அந்த போர்டில் பல வருஷம் இருந்தவர்களுக்கு இன்றைக்கு விலக்கு கிடைத்திருக்கும். புதிதாக வரும் என்னைப் போன்ற ஆளைத்தான் கேமரா முன்னால் உட்கார வைத்திருப்பார்கள். யார் பெரிய ஆள், யாரைச் சோதிக்க வேண்டாம் என்ற அதே மரியாதைதான் அன்றைக்கும் அந்த மேஜையைச் சுற்றி இருந்தது.

சட்டம் தெரியாமல் இருப்பதில் சுயாதீன இயக்குநர்களுக்கே ஆபத்தும் இருக்கிறது. போர்டு நடவடிக்கை மூலம் தனக்குத் தெரியவந்து, சம்மதத்தோடு நடந்த தவறுக்கு சுயாதீன இயக்குநர் பொறுப்பாவார். உரிய கவனம் எடுக்காவிட்டாலும் பொறுப்புதான். ஒரு மீட்டிங்குக்கு அதிகபட்சம் ஒரு லட்சம் வரை படி கொடுக்கலாம் என்று சட்டம் இருந்தாலும், எங்களைப் போன்ற கம்பெனிகளில் கிடைப்பது சில ஆயிரம்தான். அதற்குப் போய் வக்கீல் நோட்டீஸ் வாங்க வேண்டுமா?

அரசு செய்யக்கூடியது ஒன்றுதான். சுயாதீன இயக்குநரின் பதவிக்காலம் அதிகபட்சம் ஐந்து வருஷம், மறுபடி நியமிக்கப் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அந்தத் தீர்மானத்துக்கு முன்னால் மூத்தவர், இளையவர் என்று பார்க்காமல் எல்லோரும் இந்தத் தேர்வை ஒரு தடவை எழுதட்டும். மார்க்கை வெளியே சொல்ல வேண்டாம். அந்த நூற்புக் கெட்டிக்காரரிடமும் இதைச் சொன்னேன். எழுதுவதில் தயக்கம் இல்லையாம், பேரன் லேப்டாப்பைத் தருவானா என்பதுதான் யோசனையாம்.

கடிதத்தைப் பிரசுரித்தால் என் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த போர்டு மீட்டிங் இந்த மாதக் கடைசியில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்,
ஈரோடு மாவட்டம்.