எங்கே போய்ப் போட்டுக்கொள்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழில் அம்மை பற்றிய கட்டுரையின் கடைசி வரியை நாலு தடவை படித்தேன். “அங்கன்வாடி, பள்ளி ஊழியர்களும் தங்களுக்குரிய தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வது நல்லது.” சரி, நல்லதுதான். எங்கே போய் என்று ஒரு வரி சேர்க்க இடமில்லையா?

மண்டபம் பக்கத்து மீனவ கிராமத்தில் 19 வருஷமாக அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். எந்தப் பிள்ளைக்கு ஒன்பது மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி, யாருக்கு ஒன்றரை வயதில் அடுத்தது என்று அட்டையைப் பார்க்காமலே சொல்வேன். வராத தாயைக் கருவாடு காயப்போடும் இடத்துக்கே போய்க் கூட்டி வருவேன். எனக்கு என்னென்ன ஊசி போட்டிருக்கிறது என்று என் அம்மாவிடம் கேட்டால், என் இடது தோள் தழும்பைத் தொட்டுக் காட்டுகிறார். அது பி.சி.ஜி. என்கிற காசநோய்த் தடுப்பூசி. மற்றதற்கு அட்டையும் இல்லை, கணக்கும் இல்லை.

சில வருஷம் முன்பு, பங்குனி மாதம். காய்ச்சலோடு ஒரு பிள்ளை என் சேலையில் முகம் புதைத்துத் தூங்கியது. மறுநாள்தான் கொப்புளம் தெரிந்தது. இரண்டு வாரத்தில் எனக்கும் சின்னம்மை. பிள்ளைகளுக்குச் சீக்கிரம் உதிர்ந்துவிடும், பெரியவர்களுக்கு நுரையீரல் வரைக்கும் இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வேப்பிலைப் படுக்கையில் மூச்சு வாங்கக் கிடந்தேன். விடுப்பு கேட்டதற்கு, “இந்த வயசிலயா அம்மை?” என்றார்கள். அந்தக் கேள்வி இன்னும் ஆறவில்லை.

அப்போது எங்கள் உதவியாளருக்கு மூன்று மாதம். சின்ன வயதில் அவளுக்கு அம்மை போட்டதா என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. ராமநாதபுரத்துக்கும் ஊருக்குமாக அலைந்தோம். தெய்வ புண்ணியம், ஒன்றும் ஆகவில்லை. ரூபெல்லா என்கிற இன்னொரு வகை அம்மை கர்ப்பிணிக்கு வந்தால் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு என்று அந்த அலைச்சலில்தான் கேள்விப்பட்டேன். கர்ப்பமான பிறகு அந்த ஊசியும் போட முடியாது. முன்கூட்டியே போட்டு ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். வேலைக்குச் சேரும் இளம்பெண்ணிடம் இதை யார் சொல்கிறார்கள்?

2021-ல் கொரோனா ஊசிக்கு எங்களை முதல் வரிசையில் நிறுத்தினார்கள். அதற்கப்புறம் வாக்காளர் பட்டியல் வேலைக்குத்தான் எங்கள் நினைவு வருகிறது. பிள்ளையின் எடையைச் செல்போனில் ஏற்ற ஒருநாள் தாமதமானால் கேள்வி மேல் கேள்வி. பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடும் உதவியாளருக்கு மஞ்சள் காமாலை ஊசி போட்டாச்சா என்று ஒருவரும் கேட்டதில்லை.

சுகாதார நிலையத்தில் நானே விசாரித்தேன். புதன்கிழமை ஊசி பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தானாம். சின்னம்மை ஊசி அரசு அட்டவணையிலேயே இல்லை. வெளியில் போட்டால் இரண்டு டோஸ், ஆயிரக்கணக்கில் செலவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அரிசிக்கே கணக்குப் பார்க்கிற வீடு எங்களுடையது.

அடுத்த இதழில் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள், ஐயா. எங்களைப் போன்றவர்களுக்கு எந்த ஊசி, எத்தனை டோஸ், எவ்வளவு இடைவெளி, நம் மாவட்டத்தில் எங்கே, என்ன விலை. வெட்டி மையத்துச் சுவரில் ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்,
மண்டபம் வட்டாரம்.